காலஞ்சென்ற முன்சீப் கோர்ட்டு

முன்சீப் சாரநாதன் காலமாகி, காரியங்களெல்லாம் முடிந்து, சுபஸ்வீகாரமும் ஆன மறுநாள் காலை பத்தரை மணிக்கு வழக்கம்போலக் கோர்ட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். 1955-ஆம் வருஷம், ஆவணி மாதம். திருச்சி காந்தி மார்க்கெட்டில் கத்தரிக்காய் வீசை ஐந்தணாவுக்கு விற்றது. கன்டோன்மெண்டில் வெள்ளைக்காரன் குதிரை கட்டிய லாயம் ஒன்றில் தற்காலிகமாக நடந்துவந்த கூடுதல் முன்சீப் கோர்ட்டு அது. மழை பெய்தால் இன்னும் குதிரை வாடை வரும். பெஞ்ச் கிளார்க் மீரான், கொள்ளிடக்கரைக்குப் போய்க் கட்டை பற்றி எரிகிறவரை நின்று பார்த்துவிட்டு வந்தவர். ஆனாலும் முன்சீப் உள்ளே வந்ததும் எழுந்து நின்றார். முன்சீப் வந்தால் எழுந்து நிற்க வேண்டும் என்பதுதான் அவருக்குத் தெரிந்த முறை. வக்கீல்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வாயைத் திறந்தால் தன் கட்சிக்காரனுக்குப் பாதகமாகிவிடுமோ என்று ஒவ்வொருவரும் யோசித்ததில், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. முதல் வழக்கைக் கூப்பிட்டார்கள். முன்சீப்பின் கோட்டில் இடது தோளில் மட்டும் கொஞ்சம் சாம்பல் ஒட்டியிருந்தது. மீரான் அதைத் தட்டிவிட்டார். மறுநாள் அது மறுபடியும் அங்கேயே இருந்தது.

ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதியில் இருந்த கோமளவல்லிக்கு இந்தச் சேதி மத்தியானத்துக்குள் வந்துவிட்டது. அவள் நம்பாமல் போனதற்குக் காரணம் அவர் செத்துப்போனது அல்ல. உயிரோடிருந்தபோதே பத்தரை மணிக்குக் கோர்ட்டுக்குப் போக ஆயிரம் தடவை தயங்கியவர், செத்த பிறகு தானாகவா போவார் என்றுதான் நினைத்தாள். இருபத்தாறு வருஷம் அவரோடு குடித்தனம் செய்தவள் அவள். அவரைப் பற்றி அவளுக்கு ஒரே ஓர் அபிப்பிராயம்தான் இருந்தது. அது நல்ல அபிப்பிராயம் இல்லை. சட்டம் படித்தவர், ஒரு வழக்கை ஒரு தடவை கேட்டால் யார் பக்கம் நியாயம் என்று விரல் வைத்துச் சொல்லிவிடுவார். ஆனால் சொல்லமாட்டார். வாசலில் ஒரு கார் வந்து நின்றால் போதும், கோட்டின் முதுகுப்பக்கம் தொப்பலாக நனைந்துவிடும். வந்தவர் வாயைத் திறப்பதற்கு முன்பே, 'பார்க்கலாம், பார்க்கலாம்' என்று இவர் தலையாட்டிக்கொண்டிருப்பார். மறுநாள் வழக்கை வாய்தா போட்டுவிடுவார். கோமளவல்லி அந்தக் கோட்டைப் பிழிந்து உலர்த்துவாள். ஒன்றும் சொன்னதில்லை. சொல்லி ஆகப்போவது என்ன என்ற அலட்சியம்தான்.

அப்படி ஐந்து வருஷமாக வாய்தா போட்ட வழக்குதான் இருளாயி வழக்கு. தொட்டியத்துக்குப் பக்கத்தில் காவிரிப் படுகையில் அவள் புருஷன் வாழை போட்டிருந்தான். அவன் பாம்பு கடித்துச் செத்த மூன்றாம் மாதம், பெரியண்ணன் என்பவர் ஆட்களை அனுப்பித் தோட்டத்தைச் சுற்றி முள்வேலி போட்டார். குலை தள்ளியிருந்த வாழையை வெட்டி லாரியில் ஏற்றினார். அந்த நிலம் தன் பாட்டன் காலத்திலிருந்தே தன்னுடையது என்றார். பெரியண்ணனுக்கு ஏற்கெனவே கண்ணுக்கெட்டிய தூரம் வாழைதான். ஆனாலும் அந்தத் துண்டு நிலம் இடையில் கிடந்தது அவருக்கு உறுத்தியது. சாப்பிடும்போது பக்கத்து இலையைப் பார்க்கிற மனுஷர். எந்தக் கட்சி ஜெயித்தாலும் மறுநாள் காலையில் அந்தக் கட்சித் துண்டு அவர் தோளில் இருக்கும். அதை ராஜதந்திரம் என்று அவரே சொல்லிக்கொள்வார். ஊரில் பதினோரு பேர் அவருக்காகக் கோர்ட்டில் ஏறிச் சத்தியம் செய்தார்கள். இருளாயிக்கு வக்காலத்து வாங்கியிருந்த வக்கீல், பெரியண்ணன் வீட்டுக் காது குத்துக்குப் போய்வந்த பிறகு அவள் பக்கமே திரும்பவில்லை.

ஆடி மாதக் கடைசியில் பெரியண்ணனின் கார் வடக்குச் சித்திரை வீதியில் வந்து நின்றது. கூடத்தில் உட்கார்ந்து மோர் வாங்கிக் குடித்துவிட்டு அவர் சொன்னதைக் கோமளவல்லி சமையலுள்ளிலிருந்து கேட்டாள்.

"சாமி திருச்சியிலேயே இருந்தா பொண்ணு கல்யாணத்த ஜாம்ஜாம்னு நடத்திடலாங்க. நம்ம தோப்பு எலை, நம்ம பந்தல். ராமநாதபுரம் பக்கம் மாத்திட்டாங்கன்னு வைங்க, குடிக்கத் தண்ணிகூடக் கெடைக்காதுங்க. நான் பயமுறுத்தலைங்க. ஒரு அக்கறைதான்."

இரண்டு நாள் கழித்து, மாலையில் கோர்ட்டிலிருந்து வந்த சாரநாதன் கால் அலம்பிக்கொண்டே, "பெரியண்ணன் பக்கமே எழுதிட்டேன். நாளைக்குப் படிச்சுடுவேன்" என்றார். அவள் தளிகையை இறக்கி வைத்தாள். "சாத்தமுது ஆறிப்போறது" என்று மட்டும் சொன்னாள். மறுநாள் விடியற்காலை கிணற்றடியில் வாளியோடு விழுந்து அவர் திருநாடு போய்ச் சேர்ந்தார். தீர்ப்பைப் படிக்கவில்லை.

இப்போது அதே மனுஷர் போய் உட்கார்ந்திருக்கிறார் என்றதும் ஸ்ரீரங்கத்து உறவுக்காரர்கள் கூடிவிட்டார்கள். அவர்களுக்கு அவர் எப்படி வந்தார் என்பதைப் பற்றிக் கவலையில்லை. கோமளவல்லி சுமங்கலியா இல்லையா என்பதுதான் பிரச்சினை. பத்தாம் நாள் திருமாங்கல்யத்தை வாங்கியாகிவிட்டது. தலைமுடியை எடுப்பதைப் பற்றிப் பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. இவ்வளவு சாஸ்திரம் படித்தவர்களுக்கு இதற்கு வழி தெரியவில்லை. கடைசியில் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே அவள் கைம்பெண், காவிரிப் பாலத்தைத் தாண்டிவிட்டால் அவள் இஷ்டம் என்று ஒரு தீர்மானத்துக்கு வந்து, காப்பி குடித்துவிட்டுக் கலைந்தார்கள். தலைமுடி தப்பியது. கோமளவல்லி மறுநாளே பஸ் ஏறிப் பாலத்தைத் தாண்டினாள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். கோர்ட்டு காலியாக இருந்தது. அவர் தனியாக நாற்காலியில் உட்கார்ந்து பழைய சாட்சியங்களைப் படித்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் பார்த்திராத முகம் அது.

"ஏன்னா, ஆத்துக்கு வராம இங்க என்ன பண்றேள்?"

"ஆத்துக்கு வந்தா மறுபடியும் பயம் வந்துடும்."

"உங்க பயத்துக்கு நானா காரணம்?"

"நீ இல்லை. நான் கேட்ட நல்ல வாழ்வு. பொண்ணு கல்யாணம், ஜில்லா ஜட்ஜ் உத்தியோகம், நாலு பேர் மரியாதை. இப்ப எதுவும் வேணாம். வேணாம்னு ஆனப்புறம் சட்டம் தெளிவா தெரியறது, கோமளம். இவ்வளவு சுலபமான வேலைன்னு அப்ப தெரியலை."

அவளுக்கு ஆத்திரம் வந்தது. உயிரோடிருக்கும்போது வராத புத்தி சாம்பலான பிறகு வந்து யாருக்கு லாபம்? அதைக் கேட்கத்தான் வாயெடுத்தாள். அதற்குள் மீரான் வந்து இரண்டு மணி ஆகிவிட்டது என்றார். சாரநாதன் அவளைப் பார்த்த பார்வையில் இனிமேல் அவளும் சபையோரில் ஒருத்தி என்பது தெரிந்தது. எழுந்து வந்துவிட்டாள். ஆனால் அன்றிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் கோர்ட்டுக்குப் போய்ப் பின்வரிசைப் பெஞ்சில் உட்கார ஆரம்பித்தாள்.

இருளாயியிடம் முன்சீப் செத்துப்போன விஷயத்தைச் சொன்னபோது அவள் இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து புகையிலையை எடுத்து அதக்கிக்கொண்டாள். "உசுரோட இருந்த அஞ்சு வருசமா என்னத்தக் கிழிச்சாரு? செத்தாவது சொல்லட்டும்" என்றாள்.

பெரியண்ணன் இதை இவ்வளவு சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. முதலில் இரண்டு தார் பூவன் பழம் அனுப்பினார். செத்தவர் பழம் சாப்பிடுவதில்லை. தார் கோர்ட்டு வராந்தாவில் கறுத்து அழுகியது. பிறகு மந்திரி ஒருவரிடமிருந்து கடிதம் வாங்கிவந்தார். முன்சீப் அதைத் திறந்த கோர்ட்டில் சத்தமாகப் படிக்கச் சொல்லிவிட்டு, வழக்குக் கட்டோடு சேர்த்துக் கட்டச் சொன்னார். கஜானாவில் சம்பளத்தை நிறுத்தினார்கள்; அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. அந்தக் கோர்ட்டுக்கென்று நியமிக்கப்பட்டு வந்த புது முன்சீப், நாற்காலியில் ஆள் இருப்பதைப் பார்த்துவிட்டு ஜுரம் என்று லீவு போட்டார். கடைசியில் சென்னையிலிருந்து மாற்றல் உத்தரவே வந்தது, ராமநாதபுரத்துக்கு. சாரநாதன் அதை வாங்கிப் படித்து, 'பெற்றுக்கொண்டேன். செல்ல இயலாது. காலமாகிவிட்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினார். அந்தப் பதிலுக்கு என்ன செய்வது என்று மேலிடத்தில் பார்த்தார்கள். கைச்சுத்தமில்லாவிட்டால் நீக்கலாம், புத்தி பேதலித்தால் நீக்கலாம், ஐம்பத்தைந்து முடிந்தால் அனுப்பலாம். செத்தால் என்ன செய்வது என்று எந்த விதியிலும் எழுதவில்லை, எழுதவேண்டிவரும் என்று யாரும் நினைக்காததால். ஒரு மந்திரவாதியும் வந்துபோனார். வேப்பிலையோடு வாசலில் நின்றவரை மீரான், "வக்காலத்து இருக்குங்களா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்.

தை மாதம் முன்சீப் நிலத்தை நேரில் பார்க்கத் தொட்டியம் போனார். வாழைத் தோட்டத்துச் சேற்றில் நடந்தார். கால் தடம் விழவில்லை. பெரியண்ணனுக்காகச் சத்தியம் செய்திருந்த பதினோரு பேரையும் வரப்பில் நிறுத்தினார். உயிருள்ள முன்சீப் முன்னால் பொய் சொல்லும்போது ஒரு வசதி இருந்தது. அவரும் கண்ணைத் தாழ்த்திக்கொள்வார், இவர்களும் தாழ்த்திக்கொள்ளலாம். செத்த முன்சீப் கண்ணைக் கொட்டவே இல்லை. பத்துப் பேர் தெரியாது, ஞாபகமில்லை என்று மழுப்பினார்கள். வெள்ளைச்சாமி என்ற கூலிக்காரர் மட்டும் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"வாழைய வெச்சது இந்தம்மா வீட்டுக்காரருங்க. பக்கக்கன்னு தோண்டிக் குடுத்ததே நாந்தாங்க. அவரு வெச்ச நெலந்தாங்க இது. பெரியவரு பாட்டன் காலத்துல இங்க ஆறு ஓடிச்சுங்க, நெலமே கெடையாது."

"முன்னாடி ஏன் மாத்திச் சொன்னீங்க?"

"நீங்களும் கேக்குற மாதிரி இல்லீங்களே அப்ப."

முன்சீப் அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னார்.

இதற்குப் பிறகுதான் பெரியண்ணனின் வக்கீல் சின்னையா அந்த மனுவைப் போட்டார். பேர் பெற்ற வக்கீல். கறுப்பு கவுனை எப்படி உதறிப் போட்டுக்கொள்வது என்பதைத் தவிர வேறெதையும் அவர் இருபது வருஷமாகப் புதிதாகப் படித்ததில்லை என்பது கோமளவல்லியின் எண்ணம். இந்த நீதிபதி இறந்துவிட்டார், ஆகவே வழக்கை விசாரிக்க அருகதை இல்லாதவர், உயிருள்ள நீதிபதியிடம் மாற்ற வேண்டும் என்பது மனு. உயிருள்ளவர்கள் யார் யார், யாரிடம் எப்படிப் பேசவேண்டும் என்பதெல்லாம் பெரியண்ணனுக்குத் தெரியும். மனுவை நிரூபிக்க ஒரு சாட்சி போதும் என்றார் சின்னையா. இறந்தவரின் மனைவி.

பெரியண்ணனின் கார் மறுபடியும் வடக்குச் சித்திரை வீதிக்கு வந்தது. இந்த முறை அவர் கூடத்துக்கு வரவில்லை, நடையிலேயே நின்றார். "பொய் சொல்லச் சொல்லலைங்கம்மா. நெசத்தச் சொன்னாப் போதும். பொண்ணு கல்யாணம் என் பொறுப்பு" என்றார். கோமளவல்லி கதவைப் பாதி சாத்தியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அதில்தான் அவளுக்குக் கசப்பு. இவன் தன்னிடம் கேட்பது உண்மையை. உண்மையைச் சொன்னால் இவன் ஜெயிப்பான். பொய் சொன்னால், ஆயுசில் முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் அந்த மனுஷரின் கோர்ட்டிலேயே பொய் சொன்னவளாவாள். அன்று முழுக்க அவளால் எதிலும் மனம் செலுத்த முடியவில்லை. இரண்டு தடவை சாதத்தைக் குழையவிட்டாள்.

மனு விசாரணைக்கு வந்த அன்று கோர்ட்டு நிரம்பி வழிந்தது. வராந்தாவில் கடலை விற்றார்கள். கோமளவல்லி கூண்டில் ஏறியபோது சாரநாதன் அவளை யாரோ போலப் பார்த்தார். சின்னையா கவுனை உதறிப் போட்டுக்கொண்டார்.

"உங்க கணவர் உயிரோட இருக்காராம்மா?"

"இல்லை. ஆடி மாசம் போயிட்டார்."

"நிச்சயமா தெரியுமா?"

"நான்தான் கிணத்தடியில பார்த்தேன். திருமாங்கல்யத்தையும் வாங்கிட்டா."

சின்னையா பெரியண்ணனைத் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்து உட்காரப் போனார். அப்போது முன்சீப், "கோர்ட்டு ஒரு கேள்வி கேட்கிறது" என்றார்.

"சாட்சி சொல்லணும். உயிரோட இருந்தப்போ அந்த நீதிபதி இந்த வழக்கில் யார் பக்கம் முடிவு பண்ணியிருந்தார்?"

கோமளவல்லி அவர் முகத்தைப் பார்த்தாள். தன் அவமானத்தைத் தானே நாலு பேர் நடுவில் போட்டு உடைக்கச் சொல்கிறார் என்பது அவளுக்குப் புரிந்தது. இருபத்தாறு வருஷம் தொண்டையில் நின்றதெல்லாம் அவளுக்கு அப்போது சுலபமாக வந்தது.

"பெரியண்ணன் பக்கம்."

"ஏன்?"

"பயம். வேறென்ன? இதோ உட்கார்ந்திருக்காரே, இவர் கார்ல வந்தார். எங்காத்து மோரைக் குடிச்சுட்டு, ராமநாதபுரத்துக்கு மாத்திடுவேன்னு சொல்லாம சொன்னார். பொண்ணு கல்யாணத்துக்கு இலை தரேன்னார். எங்காத்துக்காரருக்கு அந்தம்மா பக்கம்தான் நியாயம்னு நன்னா தெரியும். தெரிஞ்சே மாத்தி எழுதினார். முந்தாநாள் இவர் மறுபடியும் வந்தார். என்கிட்டயும் இலை தரேன்னார்."

சின்னையா துள்ளி எழுந்து, மனுவுக்குச் சம்பந்தமில்லாத சாட்சியம் என்று கத்தினார். "உங்க சாட்சிதான், வக்கீல் சார்" என்றார் முன்சீப். பெரியண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்தார். சட்டையின் முதுகு நனைந்திருந்தது.

உத்தரவை அப்போதே சொல்லி எழுதவைத்தார். நீதிபதி இறந்துவிட்டார் என்பது ஐயமற நிரூபிக்கப்பட்டது. இறந்தது அவரை எந்தத் தரப்பின் பக்கமும் சாய்க்கவில்லை, உயிரோடிருந்ததுதான் சாய்த்திருந்தது. அந்தக் குறை இப்போது நீங்கிவிட்டபடியால் மனு தள்ளுபடி.

வராந்தாவில் கோமளவல்லி தூணில் சாய்ந்து நின்றாள். இருளாயி பக்கத்தில் வந்து, புகையிலையை ஓரமாகத் துப்பிவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏம்மா, இம்புட்டுத் தெரிஞ்சவங்க அப்பவே அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுல்ல?"

இருளாயி பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. தொட்டியம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

பங்குனியில் தீர்ப்பானது. நிலம் இருளாயிக்கு, வேலியைப் பெரியண்ணன் தன் செலவில் பிடுங்க வேண்டும். அவர் ஜில்லா கோர்ட்டுக்குப் போனார், சென்னைக்குப் போனார். மூன்று தேர்தலும் நான்கு துண்டும் மாறின. ஒரு செத்த மனிதரின் தீர்ப்பில் உயிருள்ளவர்கள் ஒரு வரியைக்கூட மாற்ற முடியவில்லை. மாற்றலாம் என்று உட்கார்ந்த நீதிபதிகள் படித்துப் பார்த்துவிட்டு, அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று ஊரில் சொன்னார்கள்.

சாரநாதன் அந்த வழக்கோடு போய்விடவில்லை. வரிசையில் வேறு வழக்குகள் இருந்தன. முசிறியிலிருந்தும் லால்குடியிலிருந்தும் மணப்பாறையிலிருந்தும் ஜனங்கள், "எங்க கேச காலஞ்சென்ற முன்சீப் கோர்ட்டுல போடுங்க" என்று வக்கீல்களிடம் பிடிவாதம் பிடித்தார்கள். வக்கீல்கள் அதை ஒரு தொந்தரவாகச் சொல்லி அலுத்துக்கொண்டார்கள். முன்பே கேட்டு வைத்துக்கொள்ள முடியாத தீர்ப்புக்காக வாதாட வேண்டியிருந்தது அவர்களுக்குப் பழக்கமில்லை. மகளுக்குக் கும்பகோணத்தில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவருக்கு அந்தக் கோர்ட்டில் பாகப்பிரிவினை வழக்கு இருந்ததால் சாரநாதன் வரவில்லை. கன்னிகாதானத்தை மைத்துனர் செய்துகொடுத்தார். கோமளவல்லி அதற்காக ஆறு மாதம் கோர்ட்டுப் பக்கம் போகவில்லை. பிறகு போனாள்; அதே பெஞ்சில் உட்கார்ந்தாள். சித்தப்பா வழக்கில் தோற்றிருந்தார்.

1962-இல் அவருக்கு ஐம்பத்தைந்து முடிந்தது. அதற்கு விதி இருந்தது. மாலை போட்டார்கள், எலுமிச்சம்பழம் கொடுத்தார்கள், லாயத்து வாசலில் நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார்கள்; படத்தில் எல்லோரும் நன்றாக விழுந்திருந்தார்கள். சின்னையா எழுந்து, நீதியின் சுதந்திரத்துக்கு இவர் ஒரு தீபஸ்தம்பம் என்று அரைமணி பேசினார். சாரநாதன் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். மீரான் தோளிலிருந்த சாம்பலைக் கடைசியாக ஒரு தடவை தட்டிவிட்டார்.

கோமளவல்லி வெளியில் காத்திருந்தாள். இருவரும் நடந்து வந்து ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறினார்கள். அவள் பர்ஸைத் திறந்தபோது கண்டக்டர் ஒரு டிக்கெட்டை மட்டும் கிழித்தார்.

"ஐயாவுக்கு வேணாங்கம்மா" என்றவர், முன்னால் திரும்பி, "அந்த ரெண்டு பேர் சீட்டுல கொஞ்சம் எந்திரிங்க, பெரியவங்க உக்காரட்டும்" என்றார்.

கல்யாணமாகி இத்தனை காலத்தில் நாலு பேர் பார்க்க அவர்கள் ஒரே சீட்டில் உட்கார்ந்தது அன்றுதான். சிந்தாமணி தாண்டிப் பாலத்தில் ஏறியதும் காற்று அடித்தது. மேற்கே முக்கொம்புப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அவள் ஏதாவது கேட்கலாம் என்று நினைத்தாள். கேட்கவேண்டியது ஒன்றும் பாக்கியில்லை என்று தோன்றியது. தெரியாமல் அவர் தோளில் கை பட்டது, குளிர்ச்சியாகத்தான் இருந்தது.

அம்மா மண்டபம் நிறுத்தத்தில் அவர் எழுந்தார். "நான் இங்க இறங்கிக்கறேன்" என்றார்.

"குடையை எடுத்துண்டு போங்கோ. மழை வரும்போல இருக்கு" என்றாள் அவள்.

அவர் குடையை வாங்கிக்கொண்டு இறங்கி ஆற்றுப் பக்கம் நடந்தார். கண்டக்டர் விசில் ஊதினார்.